ஆலாக்கள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சமயத்தில் ஏதாவது ஒரு குளத்துக்கரையில் தொலைநோக்கியோடு நின்றால், பக்கத்தில் வந்து கேட்பதற்கு ஆள் இருக்கும். மடை பார்க்க வந்தவர், ஆடு மேய்க்கிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடற்கரைப் பக்கம் என்றால் வலை சரி பார்த்துக்கொண்டிருப்பவர். கூழைக்கடாவையும் நாரையையும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். ஆலாவை (ஆங்கிலத்தில் டெர்ன்) பற்றித்தான் கேள்வி. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

நெல்லைச் சீமை என்று இங்கே சொல்வது பழைய திருநெல்வேலி மாவட்டத்தை. 1986-ல் பிரிந்த தூத்துக்குடியும் 2019-ல் பிரிந்த தென்காசியும் அதற்குள் அடக்கம். தாமிரபரணி பொதிகையில் புறப்பட்டுப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறவரை பேசினால்தான் ஆலாக்களைப் பற்றி முழுதாகப் பேச முடியும்.

“ஆலான்னா என்ன பறவை? கடக்காக்காவும் அதுவும் ஒண்ணுதானே?”

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றில்லை. இரண்டும் ஒரே குடும்பத்தில் வருபவை. உலகத்தில் சுமார் 45 வகை ஆலாக்கள் இருக்கின்றன. கடற்காகம் உடல் கனத்தது, இறக்கை அகலமானது, அலகு தடித்து நுனியில் வளைந்திருக்கும். தண்ணீரில் வாத்து மாதிரி மிதந்துகொண்டு கிடக்கும். எறிந்த மீன்குடல் முதல் எதையும் தின்னும்.

ஆலா மெலிந்த பறவை. இறக்கை நீண்டு ஒடுங்கி நுனியில் கூராக முடியும். பெரும்பாலான வகைகளுக்கு வால் கவட்டையாகப் பிளந்திருக்கும். அலகு நேராக, ஊசியாக இருக்கும். கால் மிகக் குட்டை. பறக்கும்போது பாருங்கள்: கடற்காகம் அலகை முன்னால் நீட்டிப் பறக்கும், இரை தேடும் ஆலா அலகைக் கீழே தண்ணீரைப் பார்த்துக் கவிழ்த்தபடி பறக்கும். தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்ல இந்த ஓர் அடையாளம் போதும். விரல்களுக்கு இடையே சவ்வு இருந்தாலும் பாதம் சின்னது என்பதால் ஆலா நீந்துவதை அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

“கொக்கும் இல்ல, புறாவும் இல்ல. குளத்துக்கு மேல வெள்ளையா சுத்திக்கிட்டே இருக்குல்லா, அது என்னது அண்ணாச்சி?”

நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது மீசை ஆலா. மழைக்காலத்தில் நம் குளங்களுக்கு வரும் ஆலாக்களில் அதிகம் தென்படுவது இதுதான். உடம்பு ஒரு சாண் அளவுதான் இருக்கும், எடை நூறு கிராமுக்குள். குளிர்காலத்தில் உடம்பு வெள்ளை, முதுகு வெளிர் சாம்பல், அலகு கருப்பு, கண்ணிலிருந்து பின்கழுத்துவரை மை தீட்டின மாதிரி ஒரு கருந்திட்டு.

இது தண்ணீருக்குள் முங்குவது குறைவு. குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் காற்றை எதிர்த்து மெதுவாகப் போகும். பாசி படர்ந்த இடத்தில் சட்டென்று தாழ்ந்து, அலகு நுனியால் மட்டும் தண்ணீரைத் தொட்டு எதையோ எடுத்துக்கொண்டு மேலேறும். மறு கரைக்குப் போனதும் காற்றோடு விருட்டென்று திரும்பி வந்து, முதலில் தொடங்கின இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும். நீர்ப்பூச்சி, தும்பி, தலைப்பிரட்டை, மீன்குஞ்சு எல்லாம் இதற்கு இரை.

“எப்போ வந்தா பார்க்கலாம்? எந்தக் குளத்துக்குப் போகணும்?”

புரட்டாசி, ஐப்பசியில் வரத் தொடங்கும். மார்கழி, தையில் நன்றாகக் கூடியிருக்கும். சித்திரை வாக்கில் கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகுவதும் பிசானப் பயிர் (மழைக்கால நெல்) வயலில் நிற்பதும் இதே காலம்தான். இரைக்கு அப்போது பஞ்சமில்லை.

இடம் என்று கேட்டால் கூந்தன்குளம், விஜயநாராயணம் பெரியகுளம், ராஜவல்லிபுரம் குளம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கடம்பாகுளம், பெருங்குளம். திருநெல்வேலி டவுனுக்குள் இருக்கிறவர்கள் நயினார்குளத்துக்கே போய்ப் பார்க்கலாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் நிரப்புகிற எந்தக் குளமும் ஆலாவுக்கு ஆகும். குளத்தின் பெயரை விட மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தண்ணீர் நிற்க வேண்டும், அதில் கொஞ்சம் பாசியும் அல்லியும் வேண்டும், நடுவே திறந்த வெளி வேண்டும். கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை மூடின குளத்தில் ஆலாவைத் தேட வேண்டாம்.

“அதே பறவைய போன வாரம் பார்த்தேன், வயிறு கருப்பா இருக்கு. இது வேற சாதியா?”

பங்குனி, சித்திரையில் இந்தக் கேள்வி வரும். சாதி அதேதான், உடுப்புத்தான் மாறியிருக்கிறது. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது மீசை ஆலாவின் உச்சந்தலை முழுக்கக் கருப்பாகும், அலகு அடர் சிவப்பாகும், வயிறு கரும்சாம்பலாகும். கருந்தலைக்கும் கருத்த வயிற்றுக்கும் நடுவே கன்னம் மட்டும் வெள்ளையாக, மீசை முறுக்கி விட்டது போல நிற்கும். பெயருக்கு அதுதான் காரணம்.

இந்தக் கோலத்தை நாம் கொஞ்ச நாள்தான் பார்க்கலாம். அதற்குள் வடக்கே போய்விடும். காஷ்மீர் ஏரிகள், கங்கைச் சமவெளி, அசாம், இன்னும் வடக்கே நடு ஆசியா என்று அங்கே உள்ள சதுப்புகளில் மிதக்கும் செடிகொடிகள் மேலேயே கூடு கட்டும்.

கூட்டத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறாது. சித்திரையில் ஒரே கம்பி வேலியில் பாதி கருத்தும் பாதி வெளுத்தும் திட்டுத்திட்டாக நாலைந்து உட்கார்ந்திருந்தால் குழம்ப வேண்டாம்.

“கூந்தன்குளத்துல அம்புட்டுப் பறவையும் கூடு கட்டுதே, ஆலாவும் அங்கதானே கட்டும்?”

இல்லை. கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில்கூட, செங்கால் நாரையின் உறவான மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். ஊர் மக்கள் தலைமுறையாக அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள். வரித்தலை வாத்து மாதிரி, கூடு கட்டாமல் இரைக்கும் ஓய்வுக்கும் மட்டும் வரும் விருந்தாளிகளும் அங்கே உண்டு. மீசை ஆலா அந்தக் கணக்கில் சேரும்.

நம் பக்கத்து ஆலாக்கள் எதுவும் மரத்தில் கூடு கட்டாது. தரையில் வைக்கும், அல்லது மேலே சொன்ன மாதிரி மிதக்கும் செடிகள் மேல் வைக்கும்.

“எங்க ஊர் ஆத்துல மஞ்சள் மூக்கோட ஒண்ணு வருஷம் பூராவும் நிக்கி. அது ஏன் வடக்க போகல?”

அது ஆற்று ஆலா. நம்மோடே இருக்கும் பறவை, போக வேண்டிய ஊர் வேறு கிடையாது. மீசை ஆலாவை விடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரியது. அலகு நல்ல மஞ்சள், கால் சிவப்பு, வால் ஆழமாகப் பிளந்து நீண்டிருக்கும். கோடையில் உச்சந்தலை கண்ணுக்குக் கீழே வரை கன்னங்கரேல் என்று இருக்கும்.

மாசி முதல் வைகாசிவரை, ஆற்றிலும் அணையிலும் தண்ணீர் வற்றி மணல் திட்டும் தீவும் வெளியே தெரியும் காலத்தில் முட்டையிடும். கூடு என்று ஒன்று இருக்காது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் இரண்டு மூன்று முட்டைகள். மணல் நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. கர்நாடகத்தில் பத்ரா அணையின் தீவுகளில் இவை பெருங்கூட்டமாகக் கூடி முட்டையிடுவது பெயர் பெற்றது.

சித்திரை வெயிலில் அந்த மணல் எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும். முட்டையை அப்படியே விட்டால் வெந்துவிடும். அதனால் இந்தப் பறவை அடைகாப்பதில் பாதி நேரம் சூடு கொடுப்பதில்லை, நிழல் கொடுக்கிறது. தாயும் தகப்பனும் மாறி மாறி நிற்கும். ஒன்று பறந்து போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, ஈரச் சிறகோடு முட்டை மேல் உட்காரும். வெயில் ஏற ஏற இந்த நடை கூடும். அந்த நேரத்தில் நாம் திட்டுப் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்று ஆலாவை உலக அளவில் அழிய வாய்ப்புள்ள பறவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மணல் திட்டுகள் குறைந்ததும், மீதி இருக்கும் திட்டுகளில் மனிதரும் நாயும் மாடும் ஏறுவதும், முட்டை இருக்கும்போது அணையிலிருந்து திடீரென்று தண்ணீர் வருவதும் முக்கியமான காரணங்கள்.

“குளத்துல மீன்பாசி குத்தகை எடுத்திருக்கோம். இது மீனப் பூராவும் தின்னுட்டுப் போயிருதுன்னு சொல்லுதாங்களே?”

பெரிய குளத்தில் ஆலாவால் குத்தகைக்கு நட்டம் வராது. மீசை ஆலாவின் தொண்டை அளவைப் பாருங்கள்: விரல் நீளத்துக்கும் குறைந்த மீனைத்தான் விழுங்க முடியும். அதுவும் மேல்தண்ணீரில் வருவதை மட்டும் எடுக்கும். வளர்ந்த கட்லா, ரோகு இதற்கு எட்டாது. தின்பதில் பெரும்பங்கு பூச்சி.

ஆற்று ஆலா மீன்தான் அதிகம் தின்னும். ஒரு குறுகிய தொட்டியிலோ சின்னப் பண்ணைக்குட்டையிலோ பொடிக்குஞ்சுகளை நெருக்கமாக விட்டிருந்தால் வந்து எடுக்கத்தான் செய்யும். அங்கே மேலே வலை கட்டுங்கள், குஞ்சு கொஞ்சம் வளர்ந்த பிறகு குளத்தில் விடுங்கள். வெடி போட்டு விரட்டினால் ஆலாவோடு சேர்ந்து நாரை, வாத்து என்று குளத்தில் இருப்பது எல்லாம் கிளம்பிவிடும். மீன் கணக்கு அதனால் ஏறப்போவதில்லை.

“வயலுக்கு மேலயும் பறக்குதே, நெல்லத் தின்னுமா?”

தானியம் எதையும் தொடாது. பிசானத்துக்குத் தொழி அடிக்கும்போது (சேற்றை உழும்போது) டிராக்டருக்குப் பின்னால் கொக்கு நடந்து வரும், அதற்கு மேலே ஆலா பறந்து வரும். கலங்கின சேற்றிலிருந்து கிளம்பும் பூச்சி, புழு, தவளைக்குஞ்சுக்காகத்தான் இரண்டும் வருகின்றன. பயிர் வளர்ந்த பிறகும் அதன் மேலே பறக்கும் வெட்டுக்கிளியையும் தும்பியையும் பிடிக்கும்.

வயலிலும் உப்பளப் பக்கம் தரிசிலும் கொஞ்சம் பெரியதாக, தடித்த கருப்பு அலகோடு ஒன்று பறந்தால் அது பருத்த அலகு ஆலா. அது தரையிலிருந்து நண்டு, ஓணான், பெரிய பூச்சிகளைக்கூடத் தூக்கும். பயிருக்கு மருந்து அடித்த மறுநாள் வயலுக்கு மேலே ஆலாக்கள் குறைந்துவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

“அந்தரத்துல நின்னுட்டுத் தலைகீழா விழுதே, மேலருந்து மீன் எப்படி அதுக்குத் தெரியுது?”

விழுவது ஆற்று ஆலாவும் கடற்கரை ஆலாக்களும். காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் இறக்கையை வேகமாக அடித்துக்கொண்டு நிற்கும். வால் விசிறியாக விரிந்திருக்கும், கழுத்து நேர் கீழே திரும்பியிருக்கும். மீன் விலகினால் விழாமல் பத்தடி தள்ளிப் போய் மறுபடி நிற்கும். சரியாக அமைந்தால் இறக்கையைப் பாதி மடக்கி, அலகு முதலில் போக, ‘சளக்’ என்று விழும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. அடுத்த நொடி வெளியே வந்து, பறந்துகொண்டே உடம்பை ஒரு உதறு உதறும். மீன் குறுக்காக மாட்டியிருந்தால் பறந்தபடியே அலகில் திருப்பி, தலைப்பக்கம் முதலில் போகும்படி விழுங்கும். இல்லாவிட்டால் முள்ளும் செதிலும் தொண்டையில் ஏறும்.

தண்ணீருக்குள் இருக்கும் பொருள் மேலிருந்து பார்க்கும்போது இருக்கும் இடத்திலிருந்து தள்ளித் தெரியும். நேர் மேலே நின்று செங்குத்தாக விழுந்தால் அந்தப் பிழை குறைந்துவிடும். மற்றது பழக்கம். குஞ்சுகள் பறக்கக் கற்ற பிறகும் வாரக்கணக்கில் பெற்றோரிடமே மீன் வாங்கித் தின்னும், பெரிய வகைகளில் மாதக்கணக்கில். கரையோரக் கம்பத்தில் இளம் ஆலா ஒன்று உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்க, பெரியது மீனோடு வருவதைப் பார்த்தால் இந்தப் பாடம்தான் நடக்கிறது.

“கடல்ல ஆலா கூட்டமா விழுந்தா அங்க மீன் இருக்குன்னு எங்கப்பா சொல்லுவாரு. அது நெசமா?”

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெரியதாழை என்று எந்தக் கரையில் கேட்டாலும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள், அவர்கள் சொல்வது சரி. சூரை, பாரை போன்ற வேட்டை மீன்கள் சாளையையும் நெத்திலியையும் அடியிலிருந்து விரட்டும். விரட்டுக்குத் தப்பப் பொடிமீன் மேலே வந்து குமுறும். ஆலாவால் ஒரு மீட்டருக்குக் கீழே போக முடியாது என்று முந்தின பதிலில் சொன்னேன். ஆக, யாரோ கீழிருந்து மேலே தள்ளினால்தான் நடுக்கடலில் அதற்குச் சோறு. ஆலா விழுகிற இடத்தில் மேலே பொடிமீனும், அடியில் பெரிய மீனும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த அறிவு நம் கடற்கரையில் மட்டும் இல்லை, பசிபிக் தீவுகளிலும் உண்டு. அங்கே இன்னொன்றும் பார்ப்பார்கள்: சாயங்காலம் அலகில் மீனோடு ஆலா எந்தத் திசைக்கு நேராகப் போகிறதோ அந்தத் திசையில் கரை இருக்கும்.

படகில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அறுந்த தங்கூசியை (நைலான் தூண்டில் நூலை) கடலில் போடாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாய்ந்து விழும் பறவைக்கு அது கண்ணில் தெரியாது. கால் அல்லது இறக்கையில் சுற்றிக்கொண்டால் பிழைக்காது.

“மணப்பாட்டு மணல்ல எல்லாம் ஒரே மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிக்கி. எப்படிப் பிரிச்சுச் சொல்லுறது?”

ஒரே பக்கம் பார்ப்பது காற்றுக்காக. பின்னாலிருந்து காற்றடித்தால் சிறகு கலையும், கிளம்பவும் கஷ்டம்.

பிரிப்பதற்கு முதலில் அளவைப் பாருங்கள், பிறகு அலகின் நிறத்தை. கூட்டத்தில் ஒன்று மட்டும் கடற்காகம் அளவுக்கு, கேரட் போன்ற தடித்த சிவப்பு அலகோடு நின்றால் காஸ்பியன் ஆலா. உலகத்து ஆலாக்களிலேயே பெரியது அதுதான், இறக்கையை விரித்தால் நாலடிக்கு மேல் இருக்கும். அதற்கு அடுத்த அளவில், பிடரியில் கலைந்த கொண்டையோடு, மஞ்சள் அலகு என்றால் பெரிய கொண்டை ஆலா. அதைவிடக் கொஞ்சம் சிறியதாக, ஆரஞ்சு அலகு என்றால் சிறிய கொண்டை ஆலா. கருப்பு அலகின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால் சாண்ட்விச் ஆலா. எல்லோருடைய காலடியிலும் நிற்பது போல ஒரு பொடியன் தெரிந்தால் சின்ன ஆலா.

சின்ன ஆலாவிலும் மிக நெருங்கிய இன்னொரு வகை உண்டு, சாண்டர்ஸ் ஆலா. குளிர்கால உடுப்பில் இரண்டையும் கரையிலிருந்து பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். “சின்ன ஆலா அல்லது சாண்டர்ஸ்” என்று எழுதி விட்டுவிடலாம். குளத்திலும் இதே சிக்கல் ஒன்று வரும். மீசை ஆலாக் கூட்டத்தில் வெள்ளை இறக்கை ஆலா கலந்திருக்கலாம். அதற்குக் கருந்திட்டு கண்ணுக்குப் பின்னால் காதை மூடினாற்போல இறங்கியிருக்கும், வாலுக்கு மேலே முதுகின் அடிப்பகுதி வெள்ளையாக இருக்கும். மீசை ஆலாவுக்கு அந்த இடம் சாம்பல். புகைப்படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

“கடல்லயே கிடக்குதே, உப்புத் தண்ணி குடிச்சா ஒண்ணும் செய்யாதா?”

கண்ணுக்கு மேலே மண்டையில் இரண்டு உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் மிஞ்சும் உப்பைப் பிரித்து, கெட்டியான உப்புநீராக மூக்குத் துவாரம் வழியே வெளியே தள்ளும். அலகு நுனியில் சொட்டு நிற்பதும், தலையை அடிக்கடி உதறுவதும் அதனால்தான். கடற்காகத்துக்கும் இதே ஏற்பாடு உண்டு.

“ஒரு துருவத்துலருந்து இன்னொரு துருவத்துக்குப் போற ஆலா நம்ம ஊருக்கு வருமா சார்?”

பள்ளிக்கூடங்களில் தவறாமல் வரும் கேள்வி. அது ஆர்க்டிக் ஆலா. வடதுருவப் பக்கம் முட்டையிட்டு, நம் குளிர்காலத்தில் அண்டார்டிகா கடலுக்குப் போய்விடும். அங்கே அப்போது கோடை. கிரீன்லாந்தில் முட்டையிடும் பறவைகளின் காலில் சிறு கருவி கட்டிப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரியாக 70,000 கிலோமீட்டருக்கு மேல் பறப்பதாக 2010-ல் வெளியிட்டார்கள். 1982 கோடையில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில், பறக்கத் தெரியாத குஞ்சாக இருக்கும்போது வளையம் மாட்டப்பட்ட ஒன்று அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பக்கம் கிடைத்தது. எடை என்னவோ நூறு கிராம்தான். முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

அதன் வழக்கமான பாதை நம் கரை ஓரம் இல்லை. அதற்காக ஏங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். நயினார்குளத்தில் பறக்கும் மீசை ஆலாவும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்ததுதான், அதுவும் அதே எடைதான்.

“ஆடிக் காத்துல கருப்பு முதுகோட ஒண்ணு கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு. பறக்க மாட்டேங்கு. என்ன செய்ய?”

முதுகு கருத்து, நெற்றி வெள்ளையாக இருக்கும் நடுக்கடல் ஆலாக்கள் இரண்டு வகை உண்டு. கரைப் பக்கம் வராதவை. லட்சத்தீவின் பிட்டித் தீவு மாதிரி ஆளில்லாத இடத்தில் முட்டையிடும். அதில் ஒரு வகை, குஞ்சு பறக்கத் தொடங்கிக் கடலுக்குப் போனால் சில ஆண்டுகள் தரையையே மிதிக்காமல் காற்றிலேயே கழிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும்போதும், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி மாதிரிப் புயல்களின்போதும் இப்படிப்பட்ட பறவைகள் இரையில்லாமல் சோர்ந்து கரையில் விழலாம்.

செய்ய வேண்டியது: ஒரு துணியைப் போட்டு மெதுவாக எடுங்கள், அலகு கண்ணுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இருட்டான, சத்தம் இல்லாத இடத்தில் விடுங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். சோறு, ரொட்டி கொடுக்க வேண்டாம். “கடல் பறவைதானே” என்று திரும்பக் கடலில் வீசவே வேண்டாம். சோர்ந்த பறவை சிறகு நனைந்தால் மூழ்கிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

“மணல் திட்டுல முட்டை கிடந்துச்சு, தாயக் காணோம். கோழிக்கு வச்சுப் பொரிக்க வைக்கலாமா?”

வேண்டாம். தாய் எங்கும் போகவில்லை, உங்களைப் பார்த்துக் கிளம்பியிருக்கிறது. தலைக்கு மேலே ‘கிர்ரீக்’ என்று கத்திக்கொண்டு ஒன்று சுற்றியிருக்கும், நிமிர்ந்து பாருங்கள். கிட்டப் போகப் போகத் தலையைக் குறிவைத்துப் பாயும், எச்சமும் போடும். அது விரட்டுகிற முறை.

கோழி பொரித்துவிட்டாலும் ஆலாக்குஞ்சுக்கு மீன் ஊட்டவும், மீன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவும் கோழியால் முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையை எடுப்பதே குற்றம். வந்த காலடி மேலேயே திரும்பி நடந்து வெளியே வாருங்கள், பக்கத்தில் இன்னும் முட்டைகள் இருக்கும். வெயில் நேரத்தில் பெற்றோர் விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு ஆபத்து என்பதை ஆற்று ஆலா பற்றின பதிலில் பார்த்தோம். நீங்கள் போன தடத்தைப் பார்த்துக் காகமும் நாயும் வரும். கூட்டைப் படம் எடுப்பதற்காகத் திட்டில் ஏறுகிறவர்களுக்கும், டிரோன் பறக்க விடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். இந்த விஷயத்தில் படம் எடுப்பவர்களிடம் நான் கறாராகவே பேசுவேன்.

“கால்ல வளையம் போட்ட ஒண்ணப் பார்த்தேன். யாராவது வளர்த்ததா?”

வளர்ப்பு இல்லை. எங்கிருந்து எங்கே போகிறது என்று அறிய ஆராய்ச்சியாளர்கள் போடுவது. நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக இதைச் செய்கிறது, கோடியக்கரையில் அவர்கள் வளையமிட்ட பறவைகள் ஏராளம். எண்ணும் எழுத்தும் தெரியும்படி படம் எடுத்து, தேதி, இடத்தோடு அவர்களுக்கு அனுப்பினால் பறவை எங்கே, எப்போது வளையம் பெற்றது என்று தெரியவரும். செத்த பறவை என்றால் வளையத்தின் எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். உயிரோடு இருப்பதைப் பிடித்துக் கழற்றக் கூடாது.

“முன்ன மாதிரி இப்பம் வாரதில்லையே, ஏன்?”

உங்கள் குளத்தைச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் காரணம் குளத்திலேயே இருக்கும். கரை உடைந்து தண்ணீர் தேங்காத குளம், சீமைக்கருவை உள்வாய் முழுக்க ஏறின குளம், சாக்கடை வந்து ஆகாயத்தாமரை மூடின குளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, எத்தனையோ குளங்களின் கரை போனது நினைவிருக்கும். உடைப்பை அடைத்து, தண்ணீர் நின்று, பாசி படர்ந்து, பூச்சி பெருகின பிறகுதான் மீசை ஆலாவுக்கு அங்கே வேலை.

ஆற்று ஆலாவின் நிலைமை வேறு. குளம் சரியானால் மட்டும் அதற்குப் போதாது. கோடையில் நாலு மாதம் மனிதன் ஏறாத மணல் திட்டு வேண்டும். தாமிரபரணியில் மணல் அள்ளின இடங்களில் இப்போது குழியும் அமலைச் செடியும் கோரைப் புல்லும்தான் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் திட்டில் மாசி முதல் வைகாசிவரை வண்டியும் ஆடுமாடும் ஏறாமல் ஒரு ஊர் பார்த்துக்கொண்டால், கூந்தன்குளத்துக்காரர்கள் நாரைக்குச் செய்வதை அந்த ஊர் ஆலாவுக்குச் செய்ததாக ஆகும். செலவு ஒன்றும் இல்லாத காரியம் இது. ஊர்க்கூட்டத்தில் பேசி ஒரு பலகை வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

“கணக்கெடுப்புக்கு நாங்களும் வரலாமா? பறந்துகிட்டே இருக்கிறத எப்படி எண்ணுவீங்க?”

வரலாம், படிப்பு எதுவும் தேவையில்லை. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஒவ்வொரு தையிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் குழு குழுவாகப் போவார்கள். பொங்கல் விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இருக்கிறது. அதற்குப் பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்டு செயலியில் பட்டியல் போட்டால் போதும்.

ஆலாவை எண்ணுவதில் உள்ள சிக்கல், அது ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வருவது. எண்ணினதையே மறுபடி எண்ணிவிடுவோம். அதனால் தொலைநோக்கியைக் குளத்தின் இடது ஓரத்தில் வைத்து, வலது ஓரம்வரை ஒரே சீராக ஒரு தடவை மட்டும் நகர்த்துங்கள். அந்த ஒரு வீச்சில் கண்ணில் பட்டதுதான் கணக்கு, பின்னால் வருவதைச் சேர்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஒரு வீச்சு. மூன்று வீச்சு எடுத்து, அதில் அதிகமாக வந்த எண்ணை எழுதுங்கள். கூட்டம் பெரியது என்றால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, பத்துப் பத்தாகத் தாண்டுங்கள். குளம் பெரியதாக இருந்து இரண்டு குழு நின்றால், மறுகால் (மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்) பக்கம் நிற்பவரும் மடைப் பக்கம் நிற்பவரும் கைப்பேசியில் பேசி ஒரே நிமிடத்தில் எண்ண வேண்டும்.

காலை ஏழு மணிக்கு முன்னால் கரைக்கு வந்துவிடுங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும்படி நில்லுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லா ஆலாவும் கருப்பாகத்தான் தெரியும். சாயங்காலமும் வர முடிந்தால் இன்னும் நல்லது. இருட்டுவதற்கு அரைமணி முன்னால் எல்லாம் வந்து பாசித் திட்டிலும் சேற்றிலும் உட்காரும், அப்போது ஒவ்வொன்றாகவே எண்ணலாம்.